வெளியே தெரியும் கம்பி

அக்கா நாய் டாக்டர். அவள் வெட்டுவாள், நான் விழித்திருப்பேன். அவள் படித்த அதே படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அவள் ஆஸ்பத்திரியிலேயே ராத்திரி டியூட்டி பார்க்கிறேன். மயக்கம் தெளியும் நாயும் பூனையும் கட்டைப் பிய்த்துக்கொள்ளாமல் காவல் இருப்பது என் வேலை. இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. எலும்பு சேர்ப்பதில் அக்காவை அடிக்க ஆளில்லை என்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லோரிடமும் சொல்வேன். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

தையல்காரரின் நாய்க்குப் பெயர் பொத்தான். உருவமும் ஏறக்குறைய அவ்வளவுதான். துணி வெட்டும் மேசையிலிருந்து குதித்து, பின்னங்காலின் கீழ் எலும்பை முறித்துக்கொண்டது. அக்கா தோலைத் திறந்து, துண்டுகளைப் பொருத்தி, மெல்லிய எஃகுப் பிளேட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கினாள். தையல் தோலுக்குள்ளேயே ஓடி முடிந்தது. முடி வளர்ந்தால் வெட்டிய இடமே தெரியாது. மறுநாளே பொத்தான் நான்கு காலில் நின்றது.

தையல்காரர் அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானே இப்படித் தைச்சதில்ல, டாக்டரம்மா.”

அன்று முழுக்க அக்காவின் கால் தரையில் படவில்லை.

எலும்பு இன்னும் கூடவில்லை, பிளேட்தான் தாங்குகிறது, கூண்டில் போடுங்கள், குதிக்க விடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள். யார் கேட்டார்கள்? சில வாரங்களில் அது மறுபடி மேசையேறிக் குதித்தது. பிளேட் வளைந்து, ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு, எலும்பு பழைய இடத்திலேயே விட்டுப்போனது. காலையில் என் டியூட்டி முடிகிற நேரம் தையல்காரர் அதைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்.

“கூண்டுல போடச் சொன்னாங்கல்ல? என்னண்ணே, காதுல பஞ்சா?” என்றேன்.

“நொண்டினாத்தானே தம்பி போடத் தோணும்? உங்க அக்கா வேலை அவ்வளவு சுத்தம். உடைஞ்சதையே மறந்துட்டேன்.”

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அக்காவுக்கு உறைத்தது. எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து, வளைந்த பிளேட்டை அவருக்குக் காட்டினாள்.

“இந்தத் தடவையும் விட்டுப்போச்சுன்னா காலை எடுக்கறதுதான், அண்ணே.”

“அப்ப இன்னும் பெரிய பிளேட்டாப் போடுங்க.”

“பிளேட்டே கிடையாது.”

பழையதைக் கழற்றினாள். நாயின் தோள் எலும்புக்குள்ளிருந்து பஞ்சு போன்ற எலும்பைச் சுரண்டி எடுத்து முறிவில் அடைத்தாள்; புது எலும்பு வளர அது உரம். பிறகு முறிவுக்கு மேலும் கீழும் தோல் வழியாகக் கம்பிகளைக் குறுக்கே செலுத்தி, வெளியே நீட்டிய முனைகளை ஒரு தண்டில் பூட்டினாள். காலில் ஏணி சாத்தியது போலிருந்தது.

“கண்றாவியா இருக்கேக்கா.”

“இருக்கட்டும்டா. பாக்கறவங்களுக்குப் பயம் வரணும்.”

கம்பி நுழையும் இடங்களைத் தையல்காரர் தினமும் துடைத்தார். கொஞ்ச நாளில் ஓர் உறை தைத்து எடுத்து வந்தார். நீலத் துணி, ஓரத்தில் பட்டி, ஏணி முழுக்க மறையும் அளவு. நல்ல வேலை.

அக்கா அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். “ரொம்ப அழகா இருக்கு. போடாதீங்க.”

“தெருவே கேக்குதும்மா, எந்தக் கசாப்புக்காரன் போட்டதுன்னு.”

“என் பேரைச் சொல்லுங்க. மூடினா மறுபடி மறந்துடுவீங்க.”

ஒரு தையல் கோணினால் பிரித்துத் தைக்கிறவள் அவள். தன் பெயரை அந்த ஏணியில் ஏற்றித் தெருவில் நடக்க விட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காட்டிக்கொள்ளாமல் தரையைத் துடைத்தேன்.

பொத்தான் நடந்தது, கம்பி டக் டக்கென்று மேசைக்காலில் இடிக்க. அந்தச் சத்தம் கேட்டாலே தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவாராம். அதற்குப் பிறகு நாய் மேசையேறவில்லை. எலும்பு கூடியது. எக்ஸ்ரேயில் முறிந்த இடம் ஒரு தடிப்பாக மட்டும் தெரிந்தது. கம்பிகளை உருவிய அன்று தையல்காரர் கையை நீட்டினார்.

“அதை எனக்குக் குடுங்க, டாக்டரம்மா.”

“எதுக்கு?”

“கடையில மாட்ட. கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேணாமா?”

கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார், உறை இல்லாமல். தெருவிலிருந்தே தெரியும். எங்கள் வீட்டுக்கு அது சுற்று வழி. அக்கா இப்போதெல்லாம் அந்த வழியாகத்தான் வண்டியை விடுகிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் நானும் ஏன் என்று கேட்பதில்லை.