மின்னலின் பிழையற்ற மாதம்

அன்று மருத்துவமனைப் பதிவறையில் மின்விசிறி ஓடியதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் சந்தேகம் உண்டு. சுவரில் தொங்கிய பலகை மட்டும் நிச்சயம்: 'இம்மாதப் பிழைகள்: பூஜ்யம்.' எழுதியவர் மேற்பார்வையாளர். கோப்பை முழுக்கத் திறப்பதற்குள் நோய்க்குரிய குறியீட்டைக் கணினியில் அடித்துவிடுவார் என்பதால் அவருக்கு மின்னல் என்று பெயர். அதை அவர் பாராட்டு என்றே நினைத்திருந்தார்.

அவருக்குக் கீழே வேலை பார்த்த அவள், அந்த அறையில் பதினோரு வருடமாகக் குறியீடு எழுதுபவள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேன் ஆபரேட்டர் நின்றார்.

"மேடம், எனக்குக் கேன்சராமே?"

"யார் சொன்னா?"

"கம்பெனில. உங்க பேப்பர்ல சி பதினெட்டுன்னு இருக்காம். கேபின்ல ஏறாதேன்னுட்டாங்க. வேலை போயிடும் போல. வீட்டுக்காரி மூணு நாளா பேசறதில்ல, என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

அவள் கோப்பை எடுத்தாள். பெருங்குடலிலிருந்து அகற்றிய சிறிய கட்டி. 'புற்றுநோயோ என்று சந்தேகம். திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது' என்று டாக்டர் எழுதியிருந்தார். சந்தேகத்துக்குக் குறியீடு கிடையாது. வேலையில் சேரும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. மின்னலோ முடிவுக்குக் காத்திராமல் புற்றுநோய்க்கான சி பதினெட்டைப் போட்டு அனுப்பியிருந்தார். நான்கு நாள் கழித்து வந்த முடிவு கோப்பின் கடைசியில், பிரிக்காத உறையில் கிடந்தது. அடினோமா. புற்றில்லாத கட்டி. அதற்குக் குறியீடு டி பன்னிரண்டு.

"சார், இதை மாத்தணும்."

"டாக்டரே கேன்சர்னு எழுதியிருக்காரே."

"சந்தேகம்னு எழுதியிருக்காரு."

"திருத்தினா பிழைப் படிவம் மேல போகும். மாசம் முடிய ஆறு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள அந்தாளு தேய்ஞ்சா போயிடுவாரு?"

பேச்சு முடிந்ததென்று மின்னல் தேநீரை உறிஞ்சத் தொடங்கினார். அவள் பிழைப் படிவத்தை எடுத்து, 'பிழை செய்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதி நீட்டினாள். தன் பெயர் இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். அதிலும் மின்னல்தான்.

"அப்போ பலகைல?"

"என் பேர்ல ஒண்ணு போட்டுக்குங்க சார். நீங்க எப்பவும் போல பூஜ்யமாவே இருங்க."

சிரித்தார். அவருக்கு உறைக்கவில்லை.

திருத்திய தாளை அவள் ஜன்னல் வழியே கொடுத்தாள். "கேன்சர் இல்ல. ஆனா மூணு வருஷத்துல மறுபடி குடலைப் பார்க்கச் சொல்லியிருக்கு. மறந்துடாதீங்க."

அவர் மறக்கவில்லை, மறுபரிசோதனையில் ஒன்றும் இல்லை. இன்றும் கிரேனில்தான் இருக்கிறார். அவர் மனைவி அன்று மாலையே பேசத் தொடங்கினாள், இன்னும் நிறுத்தவில்லை என்று கேள்வி. மின்னல் பதவி உயர்ந்து மூன்று மருத்துவமனைகளுக்கு மேற்பார்வையாளரானார். கவனக்குறைவுக்காக அவளை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பு எடுத்தவர் மின்னல். முதல் பாடம், சந்தேகத்துக்குக் குறியீடு கிடையாது.