வாய்ப்பாட்டு இல்லாத ஆல்பம்

ஸ்பீக்கர் வயரை அவள் பிடுங்கிய வேகத்தில் மேசையே ஆடியது. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரி அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அழுகைக்கென்ன, அப்புறம்கூட அழுதுகொள்ளலாம்.

"என்ன அண்ணி இது?" என்றான் மீசை. அவள் புருஷனின் பேண்டில் பழைய கிட்டார்காரன். "அண்ணன் குரலக் கடைசியா ஒரு தடவ கேக்கத்தானே இத்தன பேரு வந்திருக்காங்க?"

"அந்தக் குரல் போய் எத்தன வருஷமாச்சு? அப்ப எட்டிப் பாத்தியா?"

மீசை ஸ்பீக்கரைப் பார்த்தான்.

தெருவுக்கே தெரிந்த கதைதான். தொண்டையில் டாக்டர் கத்தி வைத்த பிறகு அவள் புருஷனுக்குப் பேச்சு வெறும் காற்றாகிவிட்டது. வேறு பாடகனைப் பிடிக்கலாம் என்றார்கள். முடியாது என்று தலையாட்டினார். மீசையும் ட்ரம்மரும் கழன்றுகொண்டார்கள். மனுஷர் அசரவில்லை. பேஸ் கிட்டாரைத் தானே மாட்டிக்கொண்டு, ட்ரம்ஸில் பெண்டாட்டியை உட்கார வைத்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளை! வாய்ப்பாட்டே இல்லாமல் ஓர் ஆல்பம். ஜனம் சும்மா இருக்குமா? 'வேனுக்கு பிரேக் பிடிக்கவில்லை' என்று எழுதிச் சிரித்தது.

வயரை மறுபடி செருகி, அந்த ஆல்பத்தைத்தான் இப்போது போட்டாள்.

"இதுல அண்ணனே இல்லையே அண்ணி."

"இல்லாதது நீதான்."

பேஸ் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மீசையும் மற்றவர்களும் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். வாசலை எட்டும்போது இசை சட்டென்று நின்றது.

"அப்பாடா, முடிஞ்சிடுச்சு" என்றாள் மாடிவீட்டுக்காரி, மனசுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி. தூக்கியவர்கள் படியில் கால் வைத்தார்கள்.

"நில்லுங்க. இன்னும் முடியல."

பாட்டின் நடுவே அவர் விட்டுவைத்த மௌனம் அது. மேடையில் வாசித்த அன்று, இந்த இடத்தில்தான் பாதிப் பேர் கைதட்டிவிட்டு எழுந்து போனார்கள். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்களேன் என்று அவளே கேட்டிருக்கிறாள். அவர் மசியவில்லை.

"எவ்வளவு நேரம்மா?" யாரோ முணுமுணுத்தார்கள்.

"எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்."

தெருவில் அமரர் ஊர்தியோடு காத்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பவில்லை. வலது கை விரல்கள் மட்டும் தொடையில் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தன. பெட்டியின் பாரத்தில் மீசையின் தோள் இறங்கியது. மறு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார்.