பானு லாட்ஜின் ஆறாம் நம்பர் அறை

2007 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, திருவிடந்தைக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் பானு லாட்ஜின் ஆறாம் நம்பர் அறையில் புது டிவியைப் போட்டதும், ஆறு வருஷத்துக்கு முன்பு கடலுக்குப் போய்த் திரும்பாத தாமோதரன் அதில் கட்டுமரத்தில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தான். நண்டு கடித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டான். பார்த்தவள் அவன் பெண்சாதி கல்யாணி, அந்த லாட்ஜில் அறை பெருக்கித் துடைப்பவள். கையில் இருந்த துடைப்பத்தை அவள் கீழே போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இது எப்படி நடந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், காரணம் சின்னது. மறுநாள் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வருகிறார்கள். எட்டு அறையிலும் டிஜிட்டல் டிவி ஓட வேண்டும், ஓடாவிட்டால் வேறு லாட்ஜுக்குப் போய்விடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். லாட்ஜுக்காரி ஷஹர்பானு, தன் அக்கா மகன் நௌஷாத்தை மொட்டைமாடியில் ஏற்றிவிட்டாள். நௌஷாத் ஒன்பது வருஷம் துபாயில் டிஷ் குடை மாட்டியவன். அங்கே குடை பாதி சாய்ந்து நின்றால் போதும், படம் வந்துவிடும். நம்மூரிலோ அது கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பார்க்க வேண்டும். கைப்பழக்கம் விடுமா? துபாய்க் கணக்கிலேயே சாய்த்து முடுக்கிவிட்டான். குடை வானத்தை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தது. கடலில் இருந்தது டிவியில் வந்தது, அவ்வளவுதான்.

மாடியில் ஒருத்தன் குடையைத் திருப்ப, கீழே ஒருத்தர் டிவி முன்னால் நின்று கத்த வேண்டும். அந்த வேலைக்குத்தான் கல்யாணியை நிறுத்தியிருந்தார்கள்.

"அக்கா, வந்துச்சா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

ஏழு வருஷம் ஆனால்தான் செத்தவன் என்று எழுதித் தருவோம் என்று தாலுக்கா ஆபீஸில் கல்யாணியிடம் சொல்லியிருந்தார்கள். குப்பத்து ஜனம் பதினாறாம் நாளே எழுதிவிட்டது. தாலியைக் கழற்றடி என்று வந்தவர்களை இவள் மீன் அரியும் அருவாமனையைக் காட்டி விரட்டியிருந்தாள். இப்போது வாயைத் திறந்து "வரல பாய்!" என்று பொய் சொன்னாள்.

நௌஷாத் குடையை ஒரு விரல் அளவு உயர்த்தினான். கட்டுமரம் கடுகளவாகிப் போனது. "ஐயோ, மேல வேணாம்! கீழ எறக்கு, கீழ!" என்று கல்யாணி அலறினாள். இறக்கினான். கட்டுமரம் கிட்டே வந்தது. தாமோதரன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டான்.

"இன்னாக்கா சொல்ற? கீழ எறக்குனா கடலுதான் கீது. சிக்னலு எங்கேந்து வரும்?"

"நான் பாத்துகினுதான கீறேன்! நீ எறக்கு!"

அந்த நேரம் பார்த்து ஷஹர்பானு ஒன்றாம் நம்பரிலிருந்து ஒவ்வொரு அறையாக டிவியைப் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றில் தண்ணீர். இரண்டிலும் தண்ணீர். மூன்றில் ஒரு ஆமை. "அடப்பாவி, வூட்டுக்குள்ள கடல வுட்டுகினு கீறியா? மணி மூணே கால் ஆச்சு, மேல ஏத்துடா!" என்று வராந்தாவிலிருந்து கத்தினாள். நௌஷாத் ஸ்பேனரை வைத்துக்கொண்டு விழித்தான். சித்தி பேச்சைக் கேட்டு ஏற்றினால் கட்டுமரம் பின்னால் போனது. கல்யாணி பேச்சைக் கேட்டு இறக்கினால் முன்னால் வந்தது. இப்படி நாலு முறை. தாமோதரன் துடுப்புப் போட்டுப் போட்டு ஓய்ந்துபோய், தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஷஹர்பானு செருப்புச் சத்தத்தோடு ஆறாம் நம்பருக்குள் வந்தாள். கல்யாணி டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள். "பானும்மா, வேலைய வுட்டுத் தூக்கிடு, என்னா வேணா பண்ணு. ஒரு அரை மணி நேரம் குடு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் தோளுக்கு மேலே ஷஹர்பானு எட்டிப் பார்த்தாள். வாராவாரம் தன் வீட்டு வாசலில் வஞ்சிரம் கொண்டுவந்து போட்டவனைத் தெரியாதா? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து, "நௌஷாத்து! அவ சொல்றாப்ல எறக்குடா!" என்றாள்.

போல்ட்டு கடைசி மரைவரை வந்து நின்றுவிட்டது, அதற்குமேல் இறங்கவில்லை. திரையில் கரை தெரிந்தது, ஆனால் அலை கட்டுமரத்தைத் தள்ளித் தள்ளிவிட்டது. "நாசமாப் போறவனே, கழட்டிக் கையில புடிடா!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நௌஷாத் குடையைக் கழற்றி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே உடம்பை நீட்டி, மணலைப் பார்க்கப் பிடித்தான். திரையில் மணல் வந்தது. லாட்ஜின் பின்சுவர் வந்தது. காலையில் கல்யாணி காயப்போட்ட எட்டுப் படுக்கைவிரிப்புகள் வந்தன. பிறகு டிவி கருத்துப்போனது.

பின்கேட்டை யாரோ தட்டினார்கள்.

தாமோதரனுக்கு ஒரு நாள்கூட வயசு ஏறியிருக்கவில்லை. விரலில் நண்டு கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் கசிந்தது. தூக்குச்சட்டியை நீட்டி, "கஞ்சிக்கு ஊறுகா வெக்க மறந்துட்டியே" என்றான். பிறகு அவளுடைய நரைத்த தலையைப் பார்த்து, "இன்னாடி, காலைல கருப்பாத்தான இருந்துச்சு?" என்றான். கல்யாணி அவனைத் துடைப்பத்தால் நாலு சாத்துச் சாத்தினாள், அப்புறம்தான் அழுதாள்.

நௌஷாத் குடையை உச்சி வானத்துக்குத் திருப்பி முடுக்கினான். நாலு மணிக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு எட்டு அறையிலும் எல்லாச் சேனலும் தெரிந்தன. ஆறாம் நம்பரில் மட்டும் உப்பு வாடை அடிக்கிறது என்று ஒரு மாமா குறைபட்டார்.

அதுமுதல் பானு லாட்ஜில் வியாழக்கிழமை பகல் இரண்டிலிருந்து நாலு வரை டிவி ஓடாது. அறை எடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். யாரும் சண்டை போட்டதில்லை. அந்த நேரத்தில் கரையோரக் குப்பங்களிலிருந்து பெண்கள் வந்து, ஆறாம் நம்பர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். போன வியாழன் பூவாயியின் முறை. சுனாமியில் போன அவள் மகன் முத்துசாமிக்கு அப்போது பத்தொன்பது.

"வந்துச்சா?" என்று நௌஷாத் மாடியிலிருந்து கேட்டான்.

"இன்னும் வரல பாய்" என்றாள் பூவாயி. "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு."