புதன்கிழமை மீன்

மேடவாக்கத்தில் அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஜன்னலோர மேஜை ஜெயக்கொடிக்கும் ஹேமாவதிக்கும்தான். பதினெட்டு வருஷமாக வேறு யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. மதிய இடைவேளை இருபத்தைந்து நிமிஷம். ஜெயக்கொடி பத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு மீதி நேரமெல்லாம் பேசுவாள். ஹேமாவதி தலையாட்டிக்கொண்டே மெல்லுவாள்.

ஜூனில் விஷ்ணுப்ரியா வந்தாள். புதுக் கணக்கு டீச்சர், சைவம். வேறு இடமில்லை என்று இந்த மேஜைக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். அவளுக்காக ஜெயக்கொடி புதன்கிழமைதோறும் கொண்டுவரும் மீனைக்கூட நிறுத்தினாள்.

விஷ்ணுப்ரியா சாப்பிடுவது வேறு மாதிரி. "அப்புறம் என்னாச்சு ஹேமா மிஸ்?" என்று கேட்டுவிட்டுக் கையை டப்பாவிலேயே வைத்திருப்பாள். பதில் வந்த பிறகுதான் அடுத்த வாய். ஹேமாவதி பேச ஆரம்பித்தாள். ஜெயக்கொடி டப்பாவைக் கழுவிவிட்டுத் திரும்பும்போது இரண்டு தலைகளும் நெருங்கியிருக்கும். அவள் நாற்காலியை இழுத்ததும் பேச்சு நின்றுவிடும்.

மூன்று வாரமாக ஹேமாவதி ஜெயக்கொடியின் டப்பாவில் கை வைப்பதில்லை.

"முட்டைப் பொரியல், எடுத்துக்கோ."

"இருக்கட்டும் ஜெயா."

விஷ்ணுப்ரியாவின் வத்தக்குழம்பை மட்டும் விரலால் வழித்து நக்குகிறாள்.

அந்தப் புதன்கிழமை ஜெயக்கொடி கணவனைக் காலையிலேயே கோவளத்துக்கு விரட்டினாள். வஞ்சிரம் வந்தது. ஆறு துண்டு வறுத்து எடுத்துவந்தாள். மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். அறை முழுக்க வாசனை.

"ஐயையோ, உனக்கு ஆகாதுல்ல? மறந்தே பூட்டேன்மா. அந்தப் பக்கம் வேணா உட்காந்துக்கிறியா?"

"எனக்கு ஒண்ணுமில்ல ஜெயா மிஸ். ஹாஸ்டல்ல பக்கத்து தட்டுல தினமும் இதான்" என்றாள் விஷ்ணுப்ரியா. ஆனால் அவள் பார்த்தது ஹேமாவதியை.

ஹேமாவதி தன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா ஹேமா? நடுத்துண்டு உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்."

"விரதம் ஜெயா. நாப்பத்தெட்டு நாள். இன்னிக்கு இருபத்து மூணு. பக்கத்துலயே வச்சிக்கக் கூடாது."

"எதுக்கு விரதம்?"

ஹேமாவதி நாற்காலியை உள்ளே தள்ளினாள். விஷ்ணுப்ரியா அவள் முகத்தைப் பார்த்து, சம்மதம் வாங்கிக்கொண்டவள் போல், மெல்லச் சொன்னாள்.

"அவங்க பொண்ணு அனுப்பிரியாவுக்காக மிஸ். ரெண்டு தடவ கரு தங்கல. இது மூணாவது."

ஜெயக்கொடிக்கு அனுப்பிரியாவைப் பல் விழுந்த வயதிலிருந்து தெரியும். கல்யாணப் புடவை எடுக்கத் தாம்பரத்துக்குக் கூடப் போனவள் அவள்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி."

"எப்ப சொல்றது? உன் பொண்ணு வளைகாப்புக்கு என்ன கலர் புடவைன்னு பத்து நாள் பேசினே. நானும் கேட்டுகிட்டுத்தானே இருந்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

"போதும் நிறுத்துடின்னு சொல்லியிருக்கலாம்ல?"

ஹேமாவதி கதவோர மேஜைக்குப் போய்விட்டாள். விஷ்ணுப்ரியாவும் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"நீதான் மீன் இருந்தா பரவால்லன்னியே?"

"அவங்க தனியா சாப்பிடக் கூடாதுல்ல மிஸ்."

ஜெயக்கொடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீனை மூடிப் பையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அங்கே போகலாம். எத்தனை மாசம், டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்கலாம். ஹேமா விரட்ட மாட்டாள். ஆனால் அவள் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண் பதில் சொல்லிவிடுவாள். எல்லாம் தெரிந்தவள் அவள்தானே.

அங்கே விஷ்ணுப்ரியா ஏதோ கேட்டாள். ஹேமாவதி குனிந்து பதில் சொன்னாள்.

ஜெயக்கொடி நடுத்துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.