லெவி தைத்த சமையல் பை

1

என் பெயர் சிமாங்கோ கும்வெண்டா. வயது இருபத்திமூன்று. சொந்த ஊர் எல்லை தாண்டி வடக்கே இருக்கும் ரும்ஃபி. இப்போது இருப்பது ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த டெம்பிசாவில், மா ரதேபே என்கிற அம்மாள் வீட்டுக் கொல்லையில் உள்ள தகர அறையில்.

[தவோங்கா அக்கா, நீதான் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய். இப்படி அடைப்புக்குள் வருவதெல்லாம் உனக்கு மட்டும். சத்தமாக வாசிக்காமல் தாண்டிப் போ. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. கார் கழுவிக் கழுவி விரல்நுனி ஊறிப்போனதில் போன் திரை என் விரலை மதிப்பதே இல்லை. அடைப்பை மட்டும் பிறகு விரலைத் துடைத்துவிட்டுப் போடுகிறேன்.]

இந்தக் கதை அம்மா கேட்ட கேள்வியில் தொடங்கியது. போன வாரம் போனில், "அங்க என்னத்தடா சமைக்கிற, கிழிஞ்சா யாருடா தைச்சுக் குடுக்கிறா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றால் நம்பமாட்டாள். அதனால் கதையாகச் சொல்கிறேன். கதையில் நான் கிடையாது. லெவி என்று ஒருவன். லெவிக்கு அம்மா இல்லை.

இல்லை, அதை அழிக்கிறேன். அம்மா அழுவாள். லெவிக்கு அம்மா உண்டு. நலமாக இருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: "பக்கத்துக் கொல்லைப் பையன் போனதிலிருந்து லெவிக்குத் தூக்கம்" — வேண்டாம்.

இரண்டாவது: "இங்கே நம் ஊர்க்காரர்கள் சங்கம் ஒன்று நடத்துகிறார்கள். ஞாயிறுதோறும் கூடிப் பாடுவார்கள்." பாடுவார்கள் என்பது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். லெவி அந்தச் சங்கத்தில் சேர விரும்பினான். புதிதாகச் சேருகிறவன் தன் அறையில், தன் கையால் சமைத்து எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

[அது செத்தவர்களை ஊருக்கு அனுப்பும் சங்கம், அக்கா. பக்கத்துக் கொல்லைப் பையன் நம் பக்கத்து ஆள்தான். காய்ச்சலில் போய்விட்டான். வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிணவறையில் கிடந்தான், கடைசியில் இங்கேயே புதைத்தார்கள். அவன் வீட்டில் இன்னும் அவன் போனுக்குக் காத்திருப்பார்களோ என்னவோ. அதற்குப் பிறகுதான் நான் சங்கத்துக்குப் போனேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சித்தப்பா மகன் இப்படி ஒரு சங்கத்தில் பெயர் கொடுத்த மறுமாதமே போனான், பெயர் கொடுத்ததால்தான் போனான் என்று இன்னும் சொல்கிறவள்.]

3

பீன்ஸ் வேக மூன்று மணி நேரமாகும். மா ரதேபே மின்அடுப்பை அரைமணிக்கு மேல் எரிய விடமாட்டாள். கொல்லையில் இருக்கும் எல்லா அறைக்கும் ஒரே மீட்டர். அது வேகமாகச் சுற்றினால் சுவரில் கரண்டியால் தட்டுவாள்.

கார் கழுவும் இடத்தில் லெவியோடு வேலை செய்யும் ஒருத்தி பையில் சமைப்பாள். சட்டியைக் கொதிக்க வைத்து, கனமான பைக்குள் இறக்கிக் கட்டிவிட்டு வேலைக்கு வந்துவிடுவாள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்துவிடும். லெவி அப்படி ஒன்று தைக்கலாம் என்று முடிவெடுத்தான்.

உள்ளே திணிக்கத் தெர்மாகோல். யாரோ டிவி வாங்கிப் பெட்டியை வெளியே போட்டிருந்தார்கள். லெவியும் அறைத்தோழன் ராப்சனும் அதைக் காய் துருவும் தகட்டில் தேய்த்தார்கள். வெள்ளைப் பொடி முடியில் ஒட்டியது, சட்டையில் ஒட்டியது, தட்டினால் கைக்கு வந்தது. ராப்சனின் தாடியிலிருந்து இன்னும் போகவில்லை. நூலுக்கு, சோளமாவு மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூல். சரியான முனையைப் பிடித்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். லெவி எப்போதும் தவறான முனையைத்தான் பிடிப்பான். உள்துணிக்கு ராப்சனின் பழைய கால்சட்டை. வெளித்துணி, லெவியின் அம்மா கொடுத்தனுப்பிய, மீன் படம் போட்ட நீலச் சிடெஞ்சே, இடுப்பில் சுற்றிக் கட்டும் துணி.

[ஆமாம், அதேதான். வெட்டிவிட்டேன்.]

லெவி நேர்கோட்டில், ஒரே அளவுத் தையலாக — இதை நீங்களே நம்பமாட்டீர்கள். லெவியை எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தையல் பல்லி ஓடின மாதிரி போனது. இரண்டு இடத்தில் லெவி தன் சட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டான்.

"டேய், யாருடா அந்த லெவி? பையைத் தைச்சது பாதி நான்டா."

[இது ராப்சன். நான் பேசும்போது பின்னால் படுத்திருந்தான். போன் அவனையும் எழுதிவிட்டது. இருக்கட்டும்.]

4

ஞாயிறு காலை, ஊறவைத்த பீன்ஸை அரைமணி கொதிக்கவிட்டு, சட்டியோடு பைக்குள் இறக்கி, நாடாவை இழுத்துக் கட்டி மூலையில் வைத்தான். பகல் உணவுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் சங்கத் தலைவர் கோண்ட்வே ஐயா. தொப்பியைக் கழற்றிவிட்டு அறையைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. மூலையில் ஒரு மூட்டை.

"அது என்ன தம்பி, கட்டி வெச்சிருக்க?"

"சாப்பாடுங்க ஐயா."

"ஓ," என்றார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூட்டையையே பார்த்தார்.

விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது சட்டியைத் துணியில் சுற்றி மூலையில் வைத்தால் என்ன அர்த்தம் என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. லெவிக்குக் காது சுட்டது. எழுந்து போய் நாடாவை அவிழ்த்து, மூடியைத் திறந்து காட்டினான். ஆவி குப்பென்று எழுந்தது.

"நல்லாத்தான் மணக்குது," என்றார் கோண்ட்வே ஐயா. லெவி மறுபடி கட்டினான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரே நேரத்தில் வந்திருந்தால் பிழைத்திருப்பான். ஒருவர் உட்கார்ந்ததும் கண் மூலைக்குப் போகும். லெவி போய்த் திறப்பான். கட்டிவிட்டு வந்தால் அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

கடைசியாக நியாலொங்வே அக்கா வந்தாள். சங்கத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு அவளுக்கு. அவள் சரி என்றால்தான் புதியவனைச் சேர்ப்பார்கள். கரண்டியை விட்டு ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தாள். அறைக்கே கேட்டது.

"இது பீன்ஸா, ரோட்டுக்குப் போடற ஜல்லியா?"

"காலையிலேர்ந்து பைக்குள்ளதான் இருக்குக்கா."

அவள் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. இதைத் தின்னா வயித்தைப் புடிச்சிட்டு வரிசையில நிக்கணும். எத்தன தடவ திறந்த?"

"யாராவது வந்தப்பல்லாம்."

"என்னத்துக்கு?"

"மூடியே வெச்சிருந்தா... மறைச்சு வெச்சிருக்கேன்னு நினைப்பீங்களேன்னு."

என்னைச் சேர்க்கமாட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். [நான் என்று வந்துவிட்டது. லெவி நினைத்தான்.] அப்போது ராப்சனுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோருக்கும் வந்தது.

"இவன் நிஜமாவே நம்ம ஊரான்னு விசாரிக்கணும்னு இருந்தேன்," என்றார் கோண்ட்வே ஐயா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனி விசாரிக்க வேண்டியதில்ல. வேற எவனா இருந்தாலும் திறந்திருக்க மாட்டான். பீன்ஸும் வெந்திருக்கும்."

"சிரிச்சா வெந்துடுமா? அடுப்பைப் போடு," என்றாள் நியாலொங்வே.

5

முடிவு ஒன்று: மா ரதேபே சத்தம் கேட்டு வருகிறாள். பையைப் பார்த்து வியந்து, எனக்கும் ஒன்று தைத்துக் கொடு என்று — மா ரதேபே அப்படிப்பட்டவள் இல்லை. சுவரில் கரண்டியால் தட்டினாள். அவ்வளவுதான்.

முடிவு இரண்டு, நடந்தது: மறுபடி கொதிக்க வைத்துப் பைக்குள் இறக்கினார்கள். கோண்ட்வே ஐயா நாற்காலியை இழுத்துப் பைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். தாமதமாக வந்த ஒருவர், "என்ன, எதையோ பதுக்கி வெச்சிருக்கீங்க போல," என்றபடி குனிந்தார். "தொடாதே" என்று அறையே சொன்னது. பாடினார்கள். பசி எடுத்ததும் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். எழுந்து போனவர் யாரும் இல்லை. வெயில் தகரத்தைவிட்டு இறங்கிய பிறகுதான் திறந்தார்கள். வெந்திருந்தது. நியாலொங்வே சீமா கிண்டினாள்; அந்தக் களியை மட்டும் பையில் வைக்க முடியாது. தட்டு போதாமல் இரண்டு பேர் பானை மூடியில் சாப்பிட்டார்கள்.

அம்மாவுக்கு இந்த முடிவு போதும். ஆனால் அன்று அதோடு முடியவில்லை.

சாப்பிட்டதும் கோண்ட்வே ஐயா, "எந்திரிச்சு நில்லு. பேரு, வயசு, இருக்கிற இடம், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு," என்றார்.

லெவி எழுந்து நின்று சொன்னான்: "என் பெயர் சிமாங்கோ கும்வெண்டா."

இதை லெவி என்று திருத்த வேண்டும். திருத்திப் பார்த்தேன். அன்று அங்கே நின்றது லெவி இல்லை.

"சரி. ஊர்ல யார்கிட்ட பேசணும்?" என்று அவர் கேட்டார். "நாங்க கூப்பிடுவோம். ஒருத்தர் எடுத்து, 'ஆமா, இவன் எங்க பையன், ஏதாவதுன்னா எங்ககிட்ட அனுப்புங்க'ன்னு தன் வாயால சொல்லணும். அப்பதான் பேரு சேரும்."

அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். நியாலொங்வே என் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டாள்.

6

இந்தப் பகுதிக்கு அடைப்புப் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். அக்கா, சத்தமாக வாசிப்பதா, தாண்டிப் போவதா என்பதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன். பையை இப்போது யார் வந்தாலும் திறப்பதில்லை. அம்மாவின் துணியில் மிச்சம் இருப்பதை வெட்டாமல் மடித்து வைத்திருக்கிறேன். நான் பெயர் கொடுக்கப் போனதற்குப் பயம் காரணம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயந்துகொண்டு சும்மா இருப்பதைவிட இது மேல்.

ஞாயிறு மதியம், பாட்டு முடிந்ததும், கோண்ட்வே ஐயா இந்த ஊர் எண்ணிலிருந்து கூப்பிடுவார். இதை வாசித்தது அக்காவானாலும், கேட்டது அம்மாவானாலும் சரி. போன் அடித்தால் எடுங்கள்.