நாலு மணி நேரம்

மருந்துக்கடைக்காரி பத்து வருஷமாகப் பாடிய பாட்டு ஒன்றுதான்: "தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல போடுங்க. இரும்புச்சத்து மாத்திரைய நாலு மணி நேரம் கழிச்சுப் போடுங்க."

உபதேசம் ஊருக்குத்தான். தான் கர்ப்பமானபோது, கடை திறக்கிற அவசரத்தில் தினமும் இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கினாள்.

ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு கெட்டுப்போயிருந்தது. "சேத்துப் போட்டா மருந்து உடம்புல ஒட்டாதும்மா. தெரியாதா?" என்றார் டாக்டர்.

மறுநாள் கடைக்கு வந்த ஒரு கர்ப்பிணியிடம் அதே பாட்டைப் பாடினாள். வந்தவள் கடைக்காரியின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ்வளவு விவரம் தெரிஞ்ச அம்மா! கொடுத்து வச்ச பிள்ளைதான், அக்கா."