பச்சைப் பையிலிருந்த புடவை

முதல் அட்டைப் பெட்டியைத் தூக்கியதுமே உள்ளேயிருந்த மணிகள் எல்லாம் சேர்ந்து கலகலத்தன. ஹிமாயா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கட்டிலைச் சுற்றி யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள்.

"மெதுவா எடு புள்ள," என்றாள் பக்கத்து வீட்டு றுகையா மச்சி. "மத்ததுகளை நான் எடுக்கிறன்."

கட்டிலில் ஹிமாயாவின் உம்மா செய்னம்பு வெள்ளை விரிப்புக்குள் கிடந்தாள். விடியலில் சுபஹு பாங்கு முடிந்த கையோடு மூச்சு நின்றிருந்தது. ஆறு மாதமாகவே இதயம் பலவீனம். டொக்டர் எதையும் ஒளிக்காமல் சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் திடுக்கிடவில்லை. கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கு மக்காவின் ஸம்ஸம் தண்ணீரைத் தேடியபோதுதான் ஒரு சின்னத் தடுமாற்றம். அலுமாரியின் மேல்தட்டில் எப்போதும் நிறைந்திருக்கும் போத்தல் வெறுமையாக இருந்தது. யார் எடுத்தது என்று யோசிக்க நேரமிருக்கவில்லை. ஹிமாயா குடத்துத் தண்ணீரையே கரண்டியால் விட்டாள். உம்மா இரண்டு மிடறு குடித்தாள். அவ்வளவுதான்.

மூன்று பெட்டிகளும் குசினி அடுப்படிக்குப் போயின. அவற்றுக்குள் துணியால் தைத்துப் பஞ்சடைத்த நாற்பத்தொன்பது நட்சத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேலே அகலம், ஓரமெல்லாம் பொன்னிற நூல், கீழ் முனையில் ஒரு குட்டி மணி. துஷாந்தினி ரீச்சர் கேட்டது நூறு. தேவாலய மண்டபத்தின் கூரை இந்த மாரியில் ஒழுகத் தொடங்கியிருந்தது. அதைத் திருத்துவதற்காக நத்தார் பண்டிகைக்கு முன் ஒரு விற்பனை வைக்கிறார்கள். கேக், மெழுகுதிரி, வாழ்த்து மட்டை எல்லாம் சபைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். நட்சத்திரத்துக்கு மட்டும் ரீச்சர் ஹிமாயாவிடம் வந்தாள். இருவரும் ஒருகாலத்தில் ஒரே தையல் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தவர்கள். "உன்ர முனை மாதிரி எனக்கு வராது," என்பாள் ரீச்சர். முதல் ஐம்பது போன மாதமே போய்விட்டது. மிச்ச ஐம்பதில் ஒன்றுதான் பாக்கி. விற்பனை நாளை மறுநாள்.

கட்டாரிலிருந்து அவள் அண்ணன் பஸால் காக்கா மூன்று தடவை போன் எடுத்துவிட்டான். முதல் தடவை அழுதான். இரண்டாவது தடவை விமானத்துக்கு இடம் பார்த்ததாகச் சொன்னான். எப்படிப் பறந்தாலும் நாளைக் காலைக்கு முன் கல்முனைக்கு வந்து சேர முடியாது, ஜனாஸாவோ இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மூன்றாவது தடவை குரல் தெளிந்திருந்தது.

"தங்கச்சி, உம்மாட கபன் புடவை வீட்டதான் இரிக்கி. உம்றாவுக்குப் போகக்குள்ள நான் மக்காவில வாங்கி, ஸம்ஸம் தண்ணியில நனைச்சுக் காய வெச்சுக் கொண்டு வந்தது. ஒனக்குச் சொன்னா அழுவாய் எண்டு உம்மா சொல்ல வேணாம் எண்டுட்டா. அலுமாரியில அடித்தட்டு, பச்சைப் பை. மண் போடத்தான் எனக்குக் கிடைக்கல்ல. அந்தப் புடவையாவது உம்மாவோட போகட்டும்."

ஹிமாயா "ஓம் காக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பச்சைப் பை அவளுக்குத் தெரியும். மூன்று கிழமைக்கு முன், விடாமல் மழை கொட்டிய இரண்டு நாளில், கடைத்தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வெள்ளைத் துணி தீர்ந்துபோய் வேலை நின்றுவிட்டது. உம்மா காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹிமாயா அலுமாரியைக் கிளறினாள். அடித்தட்டில் பச்சைப் பை, அதற்குள் மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவைத் துணி. பத்து மீற்றருக்குக் குறையாது, கரையோரம் மெல்லிய பச்சைக் கோடு. உம்மா தொழுகை உடுப்புத் தைக்க காக்கா கொண்டுவந்ததாக்கும், மழை விட்டதும் வேறு வாங்கி வைக்கலாம் என்று எண்ணிக்கொண்டாள். வெறும் பையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்று பின்னேரமே கத்தரிக்கோல் போட்டாகிவிட்டது. மழை விட்டதும் வேலை நெருக்கியது. வாங்கி வைப்பது மறந்துபோனது.

மையித்தைச் சுற்றி அடக்கும் கபன் புடவையில் ஊசி படக்கூடாது. நூல் படக்கூடாது. அவள் அதை நட்சத்திரத்துக்கு இரண்டாக நூறு துண்டாக்கி, ஓரமெல்லாம் பொன்னூல் ஓட்டி, மணியும் கட்டியிருந்தாள்.

அவள் கணவன் முஸ்தாக் வளவில் பந்தல் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். குசினிப் பக்கம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பெட்டிகளைப் பார்த்தான்.

"அம்பதும் அதுலயா?"

"அம்பதும்."

"அவிழ்த்து ஒட்டவா போறம்? பள்ளிவாசல்ல கபன் எப்பவும் ரெடியா இரிக்கும். பத்து நிமிசத்துல எடுத்துட்டு வாறன். வெள்ளப் புடவை வெள்ளப் புடவைதான். கட்டார்ல இருக்கிறவருக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள் ஹிமாயா.

 முஸ்தாக் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பள்ளிக்குத்தான் போகிறான் என்று அவளுக்குத் தெரியும், தடுக்கவும் இல்லை. உம்மாவுக்கு உடுத்த ஏதாவது வேண்டும். ஆனால் காக்கா கேட்பான். வீடியோவில் முகம் பார்க்கும்போது கேட்பான். அப்போது உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். நட்சத்திர வேலை தொடங்கிய நாளிலேயே அவன் போனில் நக்கலடித்தவன். "தாயும் மகளும் எப்ப ஞானஸ்நானம் எடுக்கிறீங்க?" என்றான். உம்மாதான் போனை வாங்கி, "வானத்துல இருக்கிறதை ஆர்ரா படைச்ச? அவன்ட சாமானைத்தான் தைக்கிறம்," என்று அவன் வாயை அடைத்தாள். இன்று வாயை அடைக்க உம்மா இல்லை.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆமினா உம்மா வந்தாள். அந்தப் பக்கத்துப் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுவது அவள்தான். வந்த உடனேயே சேலையைச் சொருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். வாளி, சவர்க்காரம், கற்பூரம், பஞ்சு எல்லாம் வந்தன.

"கபன் வீட்டத்தான் இரிக்கி எண்டு பஸால் சொன்னானாம். எடுத்துட்டு வா மகள்."

முஸ்தாக் இன்னும் வரவில்லை. அறை நிறையப் பெண்கள். ஹிமாயா அலுமாரிக்கு முன்னால் குந்தினாள். பையை எடுத்து, வெறும் பைதான் என்று காட்டிவிட வேண்டியதுதான். அடித்தட்டில் கையை விட்டாள்.

பை கனத்தது.

வெளியே இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளைப் புடவை, நாலாக மடித்து, மேலே ஒரு கற்பூரக் கட்டி. ஹிமாயா கரையைத் தேடிப் பிரித்தாள். பச்சைக் கோடு இல்லை. மூலையில் கல்முனைக் கடையொன்றின் நீல முத்திரை இருந்தது. துணியில் அங்கங்கே தண்ணீர் பட்டுக் காய்ந்த மொரமொரப்பு. மேல்தட்டிலிருந்த வெற்றுப் போத்தலை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

றுகையா மச்சி பக்கத்தில் வந்து குந்தினாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"நான்தான் வாங்கிக் குடுத்தன். மழை விட்ட அடுத்த நாள். ரெண்டு பேருமாத்தான் தண்ணி தெளிச்சுக் காயப் போட்டம், எங்கட வளவுக்குள்ள. ஒனக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கிட்டா."

"ஏன் மச்சி?"

"'அறிஞ்சா புள்ளட கை நடுங்கிரும், அதுக்குப் பிறகு தைக்க மாட்டாள்' எண்டா."

 துணி வெட்டிய மறுநாள் காலை ஹிமாயாவின் நினைவில் வந்தது. உம்மா காய்ச்சல் விட்டு எழும்பி வந்து, மெஷின் பக்கத்தில் கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்தாள். விரலால் கரையைத் தடவினாள். பச்சைக் கோட்டில் விரல் நின்றது. "இது எங்க எடுத்த புள்ள?" என்றாள். அலுமாரியில் என்றதும் துண்டை மடியில் வைத்து நீவினாள். "நல்ல புடவை," என்றாள் பிறகு. "வீணாக்காம வெட்டு." அன்றிலிருந்துதான் பஞ்சடைக்கிற வேலையைத் தான் பார்ப்பதாக எடுத்துக்கொண்டாள். கட்டிலில் சாய்ந்தபடி, ஒரு தென்னை ஈர்க்கிலால் ஒவ்வொரு முனையிலும் பஞ்சைக் குத்திக் குத்தி இறக்குவாள். முனை சப்பையாக இருந்தால் நட்சத்திரம் செத்த மீன் மாதிரி இருக்குமாம்.

"என்ன மகள் தேடுறாய்? கொண்டா," என்றாள் ஆமினா உம்மா. "கட்டுறதுக்கு அஞ்சாறு நாடாவும் கிழிச்செடு. ஓரத்துல கிழி."

ஹிமாயா முத்திரை இருந்த ஓரத்தைப் பல்லால் கடித்துத் தொடக்கம் கொடுத்து, கையாலேயே நீளமாகக் கிழித்தாள். இரண்டு விரல் அகலத்தில் ஆறு நாடாக்கள். நீல எழுத்தெல்லாம் ஒரே நாடாவுக்குள் வந்துவிட்டது. அதை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

முஸ்தாக் பள்ளிப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் ஏனென்று கேட்காமல் திரும்பிப் போனான்.

குளிப்பாட்டும்போது உம்மாவின் வலதுகைச் சுட்டுவிரலில் ஈர்க்கில் அழுத்திய காய்ப்பு இருந்தது. ஹிமாயா அந்தக் கையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினாள். உடுத்தி முடிந்ததும் தலைமாட்டிலும் இடுப்பிலும் ஆமினா உம்மா கட்டினாள். கால்மாட்டு நாடாவை ஹிமாயா கட்டினாள். அத்தர் பன்னீரின் ஈரம் இன்னும் காயவில்லை. முத்திரைப் பக்கத்தை உள்ளே மடித்து, பெருவிரலால் அழுத்தி இறுக்கினாள்.

பெண்களைக் கொஞ்சம் விலகச் சொல்லிவிட்டு முஸ்தாக் போனை நீட்டினான். திரையில் பஸால் காக்கா, கம்பனி உடுப்போடு, ஏதோ ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நிறைய நேரம் உம்மாவின் முகத்தையே பார்த்தான்.

"நான் குடுத்த புடவைதானே தங்கச்சி?"

றுகையா மச்சி கையிலிருந்த தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள். காலையில் எடுத்த முடிவு ஹிமாயாவின் நாக்கு வரைக்கும் வந்தது. உம்மா சத்தியம் வாங்கி மூன்று கிழமை காத்ததை ஒரு சொல்லில் உடைக்கலாம்.

"உம்மா பச்சைப் பைக்குள்ள எடுத்து வெச்ச புடவைதான் காக்கா," என்றாள். "ஸம்ஸம் தெளிச்சது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் காக்கா. அப்புறம் திரையில் படிக்கட்டு மட்டும்தான் தெரிந்தது.

அஸருக்குப் பிறகு ஜனாஸாவைச் சுமந்து சந்தூக்கு போனது. ஆண்கள் போன பிறகு வளவு சட்டென்று பெரிதாகிவிட்டது. சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு துஷாந்தினி ரீச்சர் வந்தாள். இருவரும் பாயில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். போன கிழமை வந்தபோது உம்மா தான் அடைத்த நட்சத்திரத்தைக் கையில் தந்து அழுத்திப் பார்க்கச் சொன்னதை ரீச்சர் சொன்னாள். விற்பனையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. புறப்படும்போது ஹிமாயாதான் எழும்பினாள்.

"பெட்டியளைக் கொண்டு போங்க ரீச்சர்."

"சும்மா இரு ஹிமாயா. அதுக்கா நான் வந்தனான்? இருக்கிறதை வெச்சு நாங்க சமாளிப்பம்."

"உம்மா அடைச்சதுகள். இஞ்ச கிடந்து என்ன செய்ய?" என்றவள், "ஒண்டு மட்டும் பாக்கி. அஞ்சு நிமிசம் இருங்க," என்றாள்.

ஐம்பதாவது நட்சத்திரம் தலையணைக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தது. நாலு முனையில் பஞ்சு இறுகியிருந்தது. ஐந்தாவதில் ஈர்க்கில் குத்தியபடியே நின்றது. ஹிமாயா மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பஞ்சைக் கிள்ளி வைத்து, முனை நிமிரும்வரை குத்தினாள். மணியைக் கோத்தாள். ஊசியில் நூல் ஏற்றும்போதுதான் கவனித்தாள். வலதுகைப் பெருவிரலில் முத்திரையின் நீல மை ஊறியிருந்தது.

கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். கொஞ்சம் வெளுத்ததே தவிர மை போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். ரீச்சர் பெட்டிகளோடு வாசலில் காத்திருந்தாள். ஹிமாயா அந்தப் பெருவிரலைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் ஊசியைத் தள்ளித் தள்ளி நட்சத்திரத்தின் வாயைத் தைத்து மூடினாள்.